‘இவ எந்த அளத்துல வேல பாத்தா?’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பின்காலனிய நாவல்களில், அதாவது அந்நிய ஆட்சி முடிந்த நாடுகளில் எழுந்த நாவல்களில், பெண் எழுத்தாளர்கள் இடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஆர்வமாக உட்கார்ந்து படித்தேன். அருந்ததி ராயின் அய்மனமும் மீனச்சிலாறும், கிரண் தேசாயின் கலிம்போங்கும், கமலா மார்க்கண்டேயாவின் பெயரில்லாத கிராமமும் அதில் இருந்தன. எழுதியவர் நிறையப் படித்தவர், ரசித்துப் படித்தவர் என்பது தெரிகிறது. ஆனால் முடியும் தறுவாயில், தமிழில் நாவல் எழுதிய பெண்களுக்கு வீடும் அடுக்களையும்தான் நிலமாக இருந்தது, வெளிநிலம் அவர்கள் எழுத்தில் வெறும் பின்னணியாகத்தான் வந்தது என்ற பொருளில் இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. இடம் போதாமல் வெட்டினாலும் ராஜம் கிருஷ்ணன் என்ற பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. முத்தையாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். 33 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். என் அம்மா அளத்தில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கம் உப்பளம் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. “அம்மா எங்க?” என்று கேட்டால் “அளத்துக்குப் போயிருக்கா” என்போம், அவ்வளவுதான்.

1984ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது நூலகத்தில் ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ என்ற நாவல் கிடைத்தது. 1979ல் வந்த புத்தகம். தலைப்பில் கரிப்பு என்று இருந்ததால்தான் எடுத்தேன். புரட்டினால் உள்ளே எங்கள் ஊர், எங்கள் அளம், எங்கள் பேச்சு. அன்று ராத்திரியே அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்து, குளித்து, உலை வைத்து இறக்கிவிட்டு, காலை நீட்டி உட்காருவாள். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அதில் உப்புத் தண்ணீர் ஏறி ஏறி ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அந்த வெடிப்புகளில் அப்பிக்கொண்டே கேட்பாள். மற்ற கதை எதை வாசித்தாலும் பத்து நிமிடத்தில் கண் சொக்கிவிடும். இதற்குச் சொக்கவில்லை.

பொன்னாச்சி என்ற பெண் அளத்தில் வேலைக்குச் சேருகிற பகுதி வந்தபோது அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏட்டி, கொஞ்சம் நிறுத்து. இவ எந்த அளத்துல வேல பாத்தா?”

பொன்னாச்சியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, கதையில் வருகிற அளத்தின் பெயரைச் சொன்னேன்.

“அவள இல்லட்டி. இத எழுதுனவள.”

எழுதியவர் முசிறியில் பிறந்தவர், பிராமணக் குடும்பம், கணவர் மின்சாரத் துறை எஞ்சினியர், மெட்ராஸில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. “அளத்துல கால் வைக்காதவளுக்கு இது எப்படித் தெரியும்?” என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் தினமும் ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு பல்பு வெளிச்சத்தில் வாசிப்பு நடந்தது.

கணக்குப் பார்க்கிறவன் பெண்களிடம் தப்பாக நடந்துகொள்ளும் இடம் அந்த நாவலில் வருகிறது. அதை வாசிக்கும்போது அவர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது 18 வயது. புதிதாக வேலைக்கு வரும் கல்யாணமாகாத பிள்ளைகளை அம்மா ஏன் எப்போதும் தன் பாத்திக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மா அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஒரு புத்தகம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இப்போது சொல்லுங்கள், இது அடுக்களையா?

ராஜம் கிருஷ்ணன் 1925ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. 15 வயதிலேயே கல்யாணம். கணவருக்கு வேலை மாற்றம் வரும் இடத்துக்கெல்லாம் போனார். நீலகிரியில் இருந்த காலத்தில் படகர் என்ற மலைவாழ் மக்களின் வாழ்க்கையைக் கூடவே இருந்து பார்த்தார். மலையில் நீர்மின் திட்டம் வருகிறது, தேயிலை வருகிறது, பணம் வருகிறது, அண்ணன் தம்பி உறவு மாறுகிறது. அதுதான் ‘குறிஞ்சித்தேன்’. சுதந்திர இந்தியா அணைக்கட்டுகளைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அணை இருக்கிற மலையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு பெண் உட்கார்ந்து எழுதினார். நீலகிரிக்காவது கணவரின் வேலை கொண்டுபோய் விட்டது என்று சொல்லலாம். தூத்துக்குடிக்கு அவராகவே கிளம்பி வந்தார். வந்து தங்கி, அளத்துக்குப் போய், வேலை செய்பவர்களோடு பேசி எழுதினார். மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையிலே’, தஞ்சை வயலில் உழைப்பவர்களைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளைப் பற்றி ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்று ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் போனார். பேருந்தும் ரயிலும் பிடித்து, தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் தங்கி, அந்தக் காலத்தில் ஒரு பெண் இதைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

நான் தமிழாசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு வெளியிலிருந்து கோட்பாடு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைக்கிறது. அதற்கு அடுத்து கருப்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்று அடுக்கிக்கொண்டு போகும்போது, நடுவில் செய்தி என்று ஒன்றைச் சொல்கிறது. செய்தி என்றால் அங்கே தொழில் என்று பொருள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்யும்போது நெய்தலுக்கு நேரே ‘மீன் பிடித்தல், உப்பு விளைத்தல்’ என்று எழுதுவார்கள். மதிப்பெண் போட்டுவிட்டு நானும் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் அதற்கு எவ்வளவு அர்த்தம் பாருங்கள். மரமும் பறவையும் மட்டும் ஒரு நிலத்தைக் காட்டிவிடாது, அங்கே மனுஷர் கை என்ன வேலை செய்கிறது என்று சொன்னால்தான் அந்த நிலத்தைச் சொன்னதாகும் என்று நம் ஆட்கள் அப்போதே வைத்துவிட்டார்கள். அகநானூற்றில் உப்பு விற்கிற ஓர் உமணர் வீட்டுப் பெண், நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்று கூவி விற்றுக்கொண்டு தெருவில் வருகிறாள். கடற்கரை வர்ணனையை விட அந்த விலையில்தான் எனக்கு அந்த ஊர் கண்ணுக்குத் தெரிகிறது.

ராஜம் கிருஷ்ணன் செய்தது இதுதான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பேருந்தில் போகிறவர்கள் முள்ளக்காடு வந்ததும் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுப்பார்கள். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம், வெள்ளை வெள்ளையாகக் குவியல். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளையைத்தான் அம்மா 31 வருடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். ஐம்பது வயதுக்குள் அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது.

அளத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் சேறாகிக் கிடக்கும். மழை விட்டதும் சேற்றை அள்ளி, தரையைச் சமமாக்கி, காலாலேயே மிதிப்பார்கள். நாள் கணக்கில் மிதிக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பில் மண் ஏறாது. அப்புறம் தண்ணீர் பாய்ச்சிக் காயவிடுவார்கள். கடல் தண்ணீர் காய்ந்து காய்ந்து அதன் அடர்த்தி 25 டிகிரி வாக்கில் வந்தால் உப்பு இறங்கும். இந்த டிகிரி சூட்டைக் குறிப்பதில்லை. 30ஐ நெருங்கிவிட்டால் அது கசப்புத் தண்ணீர், அதை வெளியேற்ற வேண்டும். டிகிரி பார்க்கக் கருவி உண்டு. அம்மா கருவியைப் பார்த்தது கிடையாது. இரண்டு விரலை முக்கி ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்து, “இன்னும் ரெண்டு நாள்” என்பாள். சரியாக இருக்கும். மேல்காற்று நன்றாக அடித்தால் ஒரு நாள் முன்னாலேயே வாரலாம் என்பாள். ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் வைத்துத் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நனைந்த உப்பு என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். கூடையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார்கள். அந்தச் சட்டை காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனால் உண்டு. கொண்டுபோனாலும் பெண்கள் குடிக்க மாட்டார்கள், ஒதுங்க இடம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு செடி மறைவு கிடையாது. சுற்றிலும் தண்ணீர், தொண்டையில் வறட்சி, அடிவயிற்றில் வலி. இந்த வாழ்க்கையை வெறும் பின்னணி என்று யாராவது சொல்ல முடியுமா?

பின்காலனியம் என்ற சொல்லைக் கட்டுரை பத்துப் பன்னிரண்டு தடவை சொல்கிறது. சரி, அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் ஆட்சியில் உப்பு யாருடையது என்பது ஒரு பெரிய கேள்வி. 1882ஆம் வருடத்து உப்புச் சட்டம் உப்பை அரசாங்கத்தின் ஏகபோகமாக்கியது. 1930ல் காந்தி தண்டிக்கு நடந்தார். அதே வருடம் ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களோடு கிளம்பி வேதாரண்யத்துக்கு நடந்தார். ஒரு பிடி உப்பை அள்ளினால் சிறை. 1947ல் உப்பு வரி போனது. அந்தப் பாடத்தை நானே எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். ஒரு வருடம், அதை நடத்தி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அப்போ உப்பு இப்போ நமக்கா சொந்தம்?” என்று கேட்டான். அவனுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் அளத்தில் கூலி. அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

அந்தப் பையன் கேட்ட கேள்விதான் ‘கரிப்பு மணிகள்’. வரி போய்விட்டது. கூடை போகவில்லை. கொடி மாறியது. மழைக்காலத்தில் கூலி இல்லாத மாதங்கள் மாறவில்லை, ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் மாறவில்லை. எந்த ஒரு பொருளைக் கையில் எடுத்து இந்த நாடு சுதந்திரம் கேட்டதோ, அதே பொருளை விளைவிக்கிறவளின் பாதம் எப்படி இருக்கிறது என்று கேட்கிற நாவல் பின்காலனிய நாவல் இல்லையென்றால் வேறு எதை அப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்தப் பட்டியலில் முதல் பெயராக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டுரையில் சொல்லப்பட்ட கமலா மார்க்கண்டேயாவை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் 1924ல் மைசூரில் பிறந்தவர், ராஜம் கிருஷ்ணனுக்கு ஒரு வயது மூத்தவர். 1948ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1954ல் வந்த அவருடைய ‘நெக்டர் இன் எ சீவ்’ நாவலில் ருக்மணி என்ற உழவர் வீட்டுப் பெண் கதை சொல்கிறாள். ஊருக்குள் தோல் பதனிடும் ஆலை வருகிறது, அதோடு எல்லாம் மாறுகிறது. படித்தபோது எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த ஊருக்குப் பெயர் இல்லை. எந்த ஊராகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் பலம் என்பார்கள். இருக்கலாம். கடல் தாண்டி உட்கார்ந்து, இந்த நாட்டையே பார்க்காதவர்களுக்காக எழுதும்போது அப்படித்தான் வரும்போல. அதே தலைமுறையில் இன்னொரு பெண், எந்த ஊராகவும் இருக்க முடியாத ஒரு ஊரைத் தேடிப்போய் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால் கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் என் ஆதங்கம்.

என் மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். பின்காலனிய இலக்கியம் என்று அவளுக்கு ஒரு தாள் இருக்கிறது. அதில் பெஸ்ஸி ஹெட் என்ற எழுத்தாளரைப் படிக்கிறாள். ராத்திரி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பாள். நான் என் அம்மாவுக்கு வாசித்தேன், என் மகள் எனக்கு வாசிக்கிறாள். பெஸ்ஸி ஹெட் 1937ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அம்மா வெள்ளைக்காரி, அப்பா கறுப்பினத்தவர். அந்த நாட்டில் அப்படிப் பிறப்பதே குற்றமாக இருந்த காலம். 1964ல் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி, இப்போது போட்ஸ்வானா என்கிற நாட்டுக்குப் போனார். செரோவே என்ற பெரிய கிராமத்தில் குடியேறினார். குடியுரிமை கிடைக்கவே 15 வருடம் ஆனது. அந்த ஊர் மொழி அவருடைய மொழி இல்லை. ஆனாலும் அந்த ஊரைத்தான் எழுதினார். 1968ல் வந்த அவருடைய முதல் நாவலில் மழை பொய்த்து மாடுகள் சாகின்றன. உழுகிற பெண்கள் கூட்டுறவு முறையில் புகையிலை பயிரிடக் கற்றுக்கொள்கிறார்கள். 1981ல் செரோவே பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அதற்காக ஊர்க்காரர்களை, பானை செய்பவர், கூரை வேய்பவர் உட்பட ஒவ்வொருவராகத் தேடிப் பேசவைத்து எழுதினார். அங்கே ஒரு கூட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்து, கேப் கூஸ்பெரி பழத்தில் ஜாம் காய்ச்சியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் நம் ஊர் சொடக்குத் தக்காளியின் அக்கா மாதிரி இருக்கிறது.

மகள் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு ராஜம் கிருஷ்ணன் ஞாபகமாகவே இருந்தது. இரண்டு பேரும் பிறந்த மண்ணை எழுதியவர்கள் இல்லை. போன மண்ணை எழுதியவர்கள். பிறந்த ஊரை எழுதுவதற்கு நினைவு போதும். போன ஊரை எழுத ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பேர் என்ன, இதை எப்படிப் பிடிப்பது, இதற்கு என்ன கூலி என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுத முடியும். கேட்கிறபோது எதிரில் இருப்பவர்கள் பெரியவர்களாகவும் எழுதுகிறவர் சின்னப் பிள்ளையாகவும் ஆகிவிடுகிறார்கள். என் அம்மா போன்றவர்களிடம் யாராவது எதையாவது கற்றுக்கொள்ள வந்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. பெஸ்ஸி ஹெட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு தாளில் இடம் இருக்கிறது, சந்தோஷம். ராஜம் கிருஷ்ணன் அதே பல்கலைக்கழகத்தின் பக்கத்து அளத்தைப் பற்றி எழுதியவர். மகள் வகுப்பில் அவர் பேரைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டே பேர்.

வீடும் அடுக்களையும் என்று சொன்னதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து எழுதினால் நிலம் தெரியாது என்று யார் சொன்னது? ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964ல் வந்தது. அவரும் 1925ல் பிறந்தவர்தான். லிஸி என்ற பெண் வயதுக்கு வந்ததும் வீட்டோடு இருக்க வேண்டியதாகிறது. அவள் எங்கும் போவதில்லை. ஆனால் பனைவிளை முழுக்க அந்த நாவலில் இருக்கிறது. பனையேறுகிற தங்கராஜும், அந்த வீட்டின் பழைய பெருமையும், பனைக்காரருக்கும் பனையேறிக்கும் நடுவில் இருக்கிற தூரமும் இருக்கின்றன. வெளியே போக விடாததே அங்கே ஒரு நிலம்தான். அது ஒரு நூறு பக்கச் சொச்சம் உள்ள சின்ன நாவல். கட்டுரையாளர் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். படித்துவிட்டு அந்த இரண்டு வரியைத் திரும்பப் பார்க்கட்டும்.

ராஜம் கிருஷ்ணன் நாவல்களைத் தகவல் திரட்டு என்றும், கட்டுரைத்தன்மை அதிகம் என்றும் சொல்லும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கும் சில இடங்களில் பாத்திரங்கள் பேச வேண்டியதற்கு மேல் பேசுவதாகத் தோன்றியதுண்டு. ஆசிரியர் கோபம் பாத்திரத்தின் வாயில் வந்துவிடுகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தகவல் என்று எதைச் சொல்கிறார்கள்? ஒருத்தி எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை கூடை சுமந்தாள், சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது, அதில் கங்காணி எவ்வளவு பிடித்தான் என்பதுதான் அந்தத் தகவல். ஒரு நதியின் நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் அது கலை, ஒரு பெண்ணின் கூலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் அது தகவலா? எங்கள் வீட்டில் அந்த மூன்று பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது கூலிக் கணக்கு வருகிற பக்கங்களைத்தான். அவர்களுக்கு அதுதான் கதையின் உச்சம்.

‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர் அவர். கடைசிக் காலத்தில் கணவரும் போய், குழந்தைகளும் இல்லாமல், முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. அவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தது நல்ல காரியம். 2014 அக்டோபரில் காலமானார். செய்தியைப் பார்த்த அன்று அம்மா இல்லையே என்று இருந்தது. அம்மா 2011லேயே போய்விட்டாள். ஒரு தடவையாவது மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அம்மா முதலில் அவர் பாதத்தைத்தான் பார்த்திருப்பாள்.

நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். அதனால் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். ‘கரிப்பு மணிகள்’ நாவலை யாராவது அளத்துச் சொற்களுக்கு அகராதியோடு நல்ல பதிப்பாகக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்கு அவசரம் இருக்கிறது. தரை மிதிப்பதற்கும் உப்பு ஏற்றுவதற்கும் இப்போது இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. காலுக்கும் தலைக்கும் அது நல்லது, நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வேலை போகும்போது வேலையோடு இருந்த சொல்லும் போய்விடும். வரப்பில் எத்தனை வகை, காற்றில் எத்தனை வகை, உப்பின் பருவத்துக்கு என்னென்ன பெயர் என்று தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அம்மா சொல்லச் சொல்ல ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதிப்பிக்கிறவர்களுக்கு அந்த நோட்டை அப்படியே கொடுத்துவிடுகிறேன். இன்னொரு கோரிக்கை, எங்கள் பக்கத்து நூலகங்களில் இந்த நாவல் குறைந்தது இரண்டு பிரதியாவது இருக்க வேண்டும். நான் போன மாதம் தேடிப்போன ஓர் இடத்தில் பட்டியலில் பெயர் இருந்தது, அலமாரியில் புத்தகம் இல்லை.

மகள் இப்போது ‘கரிப்பு மணிகள்’ படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரு இடத்தில் நிறுத்தி, “ஆச்சி வேலை பார்த்த அளம் இப்பவும் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது. அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்காவின் மருமகள் அங்கேதான் போகிறாள். விடியக்காலம் நான்கு மணிக்கு வண்டி வரும். வருகிற செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அதில் போவதாக இருக்கிறோம். பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்காருவார்கள், அப்போது கொஞ்சம் வாசித்துக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறோம், சரி என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டுரை எழுதியவருக்கு வர விருப்பம் இருந்தால் முந்தின நாள் ராத்திரியே வந்து எங்கள் வீட்டில் தங்கலாம். கால் முழுக்க மூடுகிற செருப்பும் தலைக்கு ஒரு துண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
முத்தையாபுரம், தூத்துக்குடி